கழிவு மின்கலங்களிலிருந்து வீட்டு மின்சேமிப்பு: வாய்ப்பும் வரம்பும்

மின்சாரத்தை உற்பத்தி செய்வதில் நம் நாடு கண்டுள்ள முன்னேற்றம் யாவரும் அறிந்ததே. அதைச் சேமித்து வைப்பதில்தான் அடுத்த கட்டச் சிக்கல் இருக்கிறது. கதிரவன் ஒளி பகலில் கிடைக்கிறது. வீட்டில் விளக்கும் விசிறியும் பெரிதும் இரவில்தான் வேண்டியிருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்புவது பாட்டரியே. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடுகளை அமைக்கும் நோக்கம் கொண்டது. கூரையில் மின்சாரம் உண்டாகும்போது, அதை வீட்டிலேயே இருத்தி வைக்கும் வழி என்ன என்ற வினாவும் கூடவே எழுகிறது.

மற்றொரு புறம், அதே மின்சேமிப்புக் கருவி நம் நகரங்களில் குப்பையாகக் குவிகிறது. பழுதான மடிக்கணினிகள், கைபேசிகள், மின்சார வாகனங்கள் ஆகியவற்றிலிருந்து கழற்றப்படும் லிதியம் அயனி மின்கலங்களில் கணிசமான பகுதி, உயிர் முற்றிலும் போகாத நிலையிலேயே எறியப்படுகிறது. அவற்றைப் பொறுக்கியெடுத்து, சோதித்து, இணைத்து, ஒரு வீட்டுக்கு வேண்டிய பாட்டரியாகக் கட்டலாமா? கட்டலாம் என்றால் எந்த நிபந்தனைகளின் கீழ்? அதன் பொருளாதாரம் என்ன? அதனால் யாருக்கு ஆபத்து? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டில்லியின் சூழ்நிலை

இதை ஆராய டில்லியைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை எனலாம். 2024 ஜூன் 19-ஆம் நாள் டில்லியின் உச்ச மின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. கோடையில் இரவிலும் வெப்பம் தணியாததால், மின்தடை ஏற்படும் ஒவ்வொரு மணி நேரமும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் துன்பமாகிறது. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்திய மின் தொகுப்பு செயலிழந்தபோது, இரண்டாம் நாளில் மட்டும் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. இன்று நிலைமை பெரிதும் சீர்பட்டுள்ளது. எனினும் இன்வர்ட்டரும் அதனடியில் ஒரு காரீய அமில பாட்டரியும் இல்லாத நடுத்தரக் குடும்பத்தைத் தலைநகரில் காண்பது எளிதன்று.

மின்சேமிப்பில் டில்லி முன்னோடியும் ஆகும். 2019 பிப்ரவரியில் ரோகிணியில் 10 மெகாவாட் திறன் கொண்ட பாட்டரி நிலையம் தொடங்கப்பட்டது. மின்தொகுப்பு அளவில் நாட்டின் முதல் நிலையம் அதுவே. 2025-ஆம் ஆண்டில் கிலோக்ரியில் 20 மெகாவாட் திறனும் 40 மெகாவாட் மணி கொள்ளளவும் கொண்ட மற்றொரு நிலையம் செயல்படத் தொடங்கியது. இவை புதிய மின்கலங்களால் ஆனவை. பெரு நிறுவனங்களின் முதலீட்டில் எழுந்தவை.

அதே நகரின் வடகிழக்கில் உள்ள சீலம்பூர், நாட்டின் மிகப் பெரிய மின்னணுக் கழிவுச் சந்தைகளுள் ஒன்று. கபாடிவாலாக்கள் தெருத்தெருவாகச் சென்று திரட்டும் பழைய கணினிகளும் கைபேசிகளும் அங்கு வந்து சேர்கின்றன. சுத்தியலும் திருப்புளியும் கொண்டு அவை பிரிக்கப்படுகின்றன. செம்பு ஒரு கடைக்கும், பிளாஸ்டிக் ஒரு கடைக்கும், மின்சுற்றுப் பலகை வேறொரு கடைக்கும் போகின்றன. பாட்டரிகளும் அவ்வாறே எடைக்கு விற்கப்படுகின்றன. நம் ஊர்க் காயலான் கடையில் பழைய இரும்பை நிறுப்பதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. எடைக்கு விற்கும்போது, உயிருள்ள மின்கலத்துக்கும் செத்த மின்கலத்துக்கும் ஒரே விலைதான். நம் ஆராய்ச்சியின் மையப் பிரச்சினை இதுவே.

மின்கலத்தின் இயல்பு

லிதியம் அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனத்தால் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. இதற்கு அடிப்படை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மடிக்கணினிகளில் பெரிதும் பயன்பட்டு வந்தது 18650 எனப்படும் உருளை வடிவ மின்கலம். இதன் விட்டம் 18 மில்லி மீட்டர். நீளம் 65 மில்லி மீட்டர். எடை ஏறத்தாழ 46 கிராம். இதன் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழுமையாக மின்னேற்றும்போது 4.2 வோல்ட் வரை உயரும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல் காப்பது நல்லது. புதிய மின்கலத்தின் கொள்திறன் தரத்துக்கேற்ப 2,000 முதல் 3,600 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும்.

மடிக்கணினியின் பாட்டரியில் பொதுவாக ஆறு மின்கலங்கள் இருக்கும். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அத்தகைய மூன்று இணைகளைத் தொடர் இணைப்பில் கோத்திருப்பார்கள். தொடர் இணைப்பின் இயல்பு யாதெனில், ஓர் இணை நலிந்தால் முழுச் சங்கிலியும் நின்றுவிடும். பாட்டரியினுள் உள்ள காவல் மின்சுற்று, ஆபத்தைத் தவிர்க்க மொத்தத்தையும் முடக்கிவிடும். பயன்படுத்துபவர் ‘பாட்டரி போய்விட்டது’ என்கிறார். உண்மையில் போனது ஒன்றோ இரண்டோ மின்கலங்கள். மீதியுள்ளவை இன்னும் உழைக்கக்கூடியவை. மின்சார வாகனத்திலும் இவ்வாறே. கொள்திறன் தொடக்க நிலையில் ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைந்ததும் அது வாகனத்துக்குப் போதாது எனக் கருதப்படுகிறது. ஆனால் ஓரிடத்தில் நிலையாக இருந்து, மெதுவாக மின்சாரம் தரும் வீட்டு வேலைக்கு அது போதும்.

இது வெறும் ஊகமன்று. 2014-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வகத்தார், எறியப்பட்ட மடிக்கணினி பாட்டரிகளைக் கொண்டு ‘ஊர்ஜார்’ என்ற சிறு மின்சேமிப்புக் கருவியை உருவாக்கிப் பெங்களூரில் சோதித்தனர். அவர்கள் ஆராய்ந்த பாட்டரிகளில் 70 விழுக்காடேனும், ஓர் எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஓராண்டு காலம் எரியவைக்கப் போதுமானவை எனக் கண்டனர். 2022-ஆம் ஆண்டில் நுனம் என்ற நிறுவனம், ஆடி மின்சாரக் கார்களின் பழைய பாட்டரிப் பகுதிகளைக் கொண்டு மூன்று சக்கர வாகனங்களை ஓட்டும் முயற்சியை நம் நாட்டில் மேற்கொண்டது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர விளையாட்டரங்கில் 2018-இல் அமைக்கப்பட்ட 3 மெகாவாட் சேமிப்பு நிலையத்திலும் கார்களில் பயன்பட்டு முடிந்த பாட்டரிகள் ஒரு பங்கு வகிக்கின்றன.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு தேவை?

மாணவர்களுக்கு விளங்குமாறு ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். ஒரு சிறு குடும்பத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு (36 வாட்), 30 வாட் சிக்கன விசிறிகள் இரண்டு (60 வாட்), கைபேசி மின்னேற்றி முதலியன (14 வாட்) எனக் கொண்டால், மொத்தச் சுமை 110 வாட். மின்வெட்டு ஆறு மணி நேரம் நீடித்தாலும் தாங்க வேண்டுமானால் 660 வாட் மணி தேவை.

இன்வர்ட்டரில் 15 விழுக்காடு வீணாகும் எனில், 660-ஐ 0.85-ஆல் வகுக்க, 776 வாட் மணி வரும். பழைய மின்கலங்களை முழுமையாகக் காலி செய்வது அவற்றின் ஆயுளைக் குறைக்கும்; எனவே 70 விழுக்காடு மட்டுமே பயன்படுத்துவது என முடிவு செய்தால், பாட்டரியின் அளவு ஏறத்தாழ 1,109 வாட் மணி, அதாவது 1.1 யூனிட் ஆக வேண்டும்.

இதை 24 வோல்ட் இன்வர்ட்டருக்கு ஏற்றவாறு ஏழு அணிகளாகத் தொடரில் கோத்தால் சராசரி மின்னழுத்தம் 25.9 வோல்ட். சோதனையில் தேறிய மின்கலங்களின் கொள்திறன் 2,000 மில்லி ஆம்பியர் மணி எனில், ஒவ்வோர் அணியிலும் 22 மின்கலங்கள் பக்க இணைப்பில் வேண்டும். மொத்தம் 154 மின்கலங்கள். கொள்ளளவு 1,140 வாட் மணி. மின்கலங்களின் எடை 7 கிலோவைச் சற்றே தாண்டும். இதே பணிக்குப் பாதி மட்டுமே காலி செய்யத்தக்க காரீய அமில பாட்டரி எனில் 12 வோல்ட், 130 ஆம்பியர் மணிக்குக் குறையாதது வேண்டும். சந்தையில் கிடைக்கும் 150 ஆம்பியர் மணி பாட்டரியோ 50 கிலோவுக்கு மேல் எடை உடையது.

மேற்கண்ட சுமைக்குப் பாட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் ஏறத்தாழ 5 ஆம்பியர். அதை 22 மின்கலங்கள் பகிர்ந்து கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் 230 மில்லி ஆம்பியருக்கும் குறைவே வருகிறது. மடிக்கணினியில் அது பட்ட பாட்டோடு ஒப்பிட்டால், இது முதிர்ந்தவருக்கு ஏற்ற இலகுவான வேலை எனலாம். பழைய மின்கலத்தை வீட்டுச் சேமிப்புக்குத் தகுதியாக்குவது இந்தக் குறைந்த சுமையே.

தேர்ந்தெடுக்கும் முறை

கட்டுமானத்தைவிடத் தேர்வே முதன்மையானது. அதன் படிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, பார்வையிடல். உறை கிழிந்தது, துரு ஏறியது, நசுங்கியது, உப்பியது, இனிய வாடை வீசும் திரவம் கசிந்தது ஆகிய அனைத்தும் உடனே விலக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தம் பார்த்தல். நெடுநாள் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய மின்கலத்தில், உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கக்கூடும். அதை மீண்டும் மின்னேற்றினால் கரைந்த செம்பு ஊசிபோல் படிந்து, உட்குறுக்கிணைப்பை உண்டாக்கலாம். மின்னேற்றினால் ‘பிழைத்துக் கொண்டது’ போலத் தோன்றும் இத்தகைய மின்கலமே மிகவும் ஏமாற்றக்கூடியது.

மூன்றாவது, முழுமையாக மின்னேற்றிக் கவனித்தல். மின்னேற்றும்போது கை பொறுக்காத அளவு சூடாகும் மின்கலம் விலக்கத்தக்கது.

நான்காவது, ஓய்வில் வைத்தல். மின்னேற்றிய மின்கலத்தை இரண்டு வார காலம் தனியே வைத்து மீண்டும் அளக்க வேண்டும். தானாகவே மின்னழுத்தம் இழப்பது உட்பழுதின் அடையாளம். இப்படியில் பொறுமை காட்டாதவர்களே பின்னர் இடர்ப்படுகின்றனர்.

ஐந்தாவது, கொள்திறனை அளத்தல். மின்கலத்தை ஒரு சீரான மின்னோட்டத்தில் காலி செய்து, அது தந்த மில்லி ஆம்பியர் மணியையும் உள்தடையையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். புதிதாயிருந்தபோது இருந்த திறனில் 70 அல்லது 80 விழுக்காடு எஞ்சியவற்றை மட்டும் ஏற்பது முறை.

ஆறாவது, வகை பிரித்தல். லிதியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.2 வோல்ட், நிக்கல், கோபால்ட் கலந்த மின்கலத்தினுடையது 3.6 அல்லது 3.7 வோல்ட். இவற்றை ஒரே பாட்டரியில் கலத்தல் கூடாது. பிறகு ஏழு அணிகளின் மொத்தக் கொள்திறனும் சமமாக அமையுமாறு மின்கலங்களைப் பங்கிட வேண்டும்.

கட்டும் முறையும் காவலும்

தேர்ந்த மின்கலங்களை நிக்கல் பட்டைகளால் புள்ளிப் பற்றவைப்பு முறையில் இணைக்க வேண்டும். ஈயப் பற்றவைப்பின் நீடித்த சூடு மின்கலத்தின் உள்ளமைப்பைக் கெடுக்கும். ஒவ்வொரு மின்கலத்துக்கும் தனித்தனியே மெல்லிய உருகுகம்பி வைப்பது இன்றியமையாதது. இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. பக்க இணைப்பில் உள்ள 22 மின்கலங்களில் ஒன்று உட்குறுக்கிணைப்பு அடைந்தால், மற்ற 21-உம் தம் மின்சாரம் முழுவதையும் அதனுள் கொட்டும். உருகுகம்பி இருந்தால் அந்த ஒன்று மட்டும் துண்டிக்கப்படும். இல்லையேல் அது சூடேறி வெடித்து, அண்டையில் உள்ளவற்றையும் பற்றவைக்கும்.

அடுத்து, பாட்டரி மேலாண்மைச் சுற்று. ஏழு அணிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கண்காணித்து, ஏதேனும் ஒன்று உச்ச வரம்பையோ கீழ் வரம்பையோ தாண்டினால் இணைப்பைத் துண்டிப்பது இதன் கடமை. ஒவ்வொரு மின்கலத்தையும் 4.2 வோல்ட் வரை ஏற்றாமல் 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் ஆயுள் நீளும். அப்போது முழுப் பாட்டரியின் மின்னேற்ற வரம்பு 28.7 வோல்ட். காரீய அமில பாட்டரிக்கென அமைந்த சாதாரண இன்வர்ட்டரில் இதை அப்படியே பொருத்துதல் தவறு. அத்தகைய இன்வர்ட்டர்களில் சில, காரீயத் தகடுகளைச் சீராக்கும் பொருட்டு அவ்வப்போது மின்னழுத்தத்தை இவ்வரம்புக்கு மேல் உயர்த்தும். காரீயத்துக்கு மருந்தானது லிதியத்துக்கு நஞ்சாகும்.

கடைசியாக இடம். லிதியம் அயனி மின்கலத்தின் உள்ளே தீப்பற்றும் கரிமத் திரவம் உள்ளது. ஒரு மின்கலம் கட்டுக்கடங்காது சூடேறினால் அது தானே வளரும் வினையாகி, நச்சு வாயுக்களையும் வெளிவிடும். ஆகவே பாட்டரி உலோகப் பெட்டியில், காற்றோட்டமுள்ள இடத்தில், படுக்கையறைக்கும் வெளியேறும் வழிக்கும் அப்பால் இருக்க வேண்டும். டில்லியில் மே, ஜூன் மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் பாட்டரியை வைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதோடு ஆபத்தையும் கூட்டும். சீலம்பூரைப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு வீட்டின் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பொருளாதாரக் கணக்கு

பழையது எப்போதும் மலிவு என்பது பொதுவான நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை எனப் பார்ப்போம். 2010-ஆம் ஆண்டில் ஒரு யூனிட் சேமிக்கும் லிதியம் பாட்டரியின் உலகச் சராசரி விலை 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் அது 115 டாலராக வீழ்ந்தது. அந்த விலையில், நம் எடுத்துக்காட்டின் 1.14 யூனிட் பாட்டரிக்குப் புதிய மின்கலங்களின் மதிப்பு ஏறத்தாழ 11,000 ரூபாய். நம் கடைவீதியில் விலை இதனினும் கூடுதலாக இருக்கும். எனினும் ஒப்பீட்டுக்காக இதையே கொள்வோம்.

பழைய மின்கலங்களில் செலவு எப்படி? ஒவ்வொரு மடிக்கணினி பாட்டரியிலும் ஆறில் நான்கு தேறும் எனக் கொண்டால், 154 மின்கலங்களுக்கு 39 பாட்டரிகளைப் பிரிக்க வேண்டும். அதாவது 234 மின்கலங்களைச் சோதிக்க வேண்டும். பிரித்தல், துடைத்தல், அளத்தல், எழுதுதல் ஆகியவற்றுக்கு ஒரு மின்கலத்துக்கு ஆறு நிமிட உழைப்பு எனில், 23 மணி நேரத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய மூன்று நாள் வேலை. நாளொன்றுக்கு 900 ரூபாய் ஊதியம் எனில் 2,700 ரூபாய். பழைய மின்கலம் புதியது போலவே உழைக்குமாயின், 11,000-இல் இதைக் கழித்த 8,300 ரூபாயை 39 பாட்டரிகளுக்குப் பங்கிட, ஒரு பழைய பாட்டரிக்கு 212 ரூபாய் வரை கொடுக்கலாம். ஆனால் அது பாதிக் காலமே உழைக்கும் எனில் அதன் மதிப்பும் பாதியாகி, 5,500 ரூபாயாகிறது. அப்போது ஒரு பழைய பாட்டரிக்கு 71 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நட்டமே. மீண்டும் கட்டும் கூலியையும் தீ ஆபத்துக்கான காப்புச் செலவையும் சேர்த்தால் இந்த விளிம்பு இன்னும் சுருங்கும்.

இதிலிருந்து இரு முடிவுகள் கிட்டுகின்றன. ஒன்று, இத்தொழிலின் இலாபம் கழிவின் மலிவைவிடச் சோதனையின் திறமையையும் எஞ்சிய ஆயுளைச் சரியாக மதிப்பிடுவதையும் சார்ந்தது. இரண்டு, புதியதன் விலை வீழ வீழ, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும் சிறு மின்கலங்களைவிட, மின்சார வாகனங்களிலிருந்து வரும் பெரிய தொகுதிகளே மறுபயன்பாட்டுக்கு ஏற்றவையாகும். அவற்றில் ஒரே சோதனையில் மிகுந்த கொள்ளளவு தேறுகிறது.

அறியாமை என்னும் விலை

1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலார், பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய ஆய்வுரை பொருளாதார மாணவர்கள் யாவரும் கற்பது. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே தர முன்வருவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவார். இறுதியில் தாழ்ந்தவையே எஞ்சும். இக்கருத்துக்காகவே 2001-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

பழைய மின்கலச் சந்தை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. மின்கலத்தின் புறத்தோற்றம் அதன் உள்நிலையைக் காட்டாது. பழையதன் மேலுறையை உரித்துப் புதிய வண்ண உறை போட்டு, 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வளவு கொள்திறன் அந்த அளவுள்ள மின்கலத்தில் அடங்கவே அடங்காது என்பதை மேற்கூறிய விவரங்களால் வாசகர் உணரலாம். வாங்குபவர் இதை அறியாதவரை, நேர்மையாகச் சோதித்து 2,000 என்று எழுதி விற்பவர் தோற்றுப்போவார்.

எனவே இச்சந்தைக்கு முதன்மையாகத் தேவைப்படுவது மானியமன்று, நம்பத்தக்க தகவலே. மின்கலத்தைச் சோதித்த தேதி, எஞ்சிய கொள்திறன், உள்தடை, வேதிவகை, சோதித்தவரின் பதிவு எண் ஆகியவை அடங்கிய ஒரு சீட்டு பாட்டரியோடு வருமானால், நல்லதற்கு நல்ல விலை கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டின் தன் ஒழுங்குமுறையில், 2027 பிப்ரவரி முதல் வாகன பாட்டரிகளுக்கும் பெரிய தொழில் பாட்டரிகளுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயம் என விதித்திருப்பது இந்நோக்கில்தான்.

சட்டமும் கொள்கையும்

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் பாட்டரி விதிகள் காரீய அமில பாட்டரியை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக, 2022 ஆகஸ்டில் சுற்றுச்சூழல், வன, பருவநிலை மாற்ற அமைச்சகம் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பயன்பட்டு முடிந்த பாட்டரியைத் திரட்டிச் சீராக்கவோ மறுசுழற்சி செய்யவோ வேண்டிய பொறுப்பை இவ்விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. மண்ணில் புதைப்பதையும் எரிப்பதையும் தடை செய்கின்றன. கையடக்கக் கருவிகள், மின்சார வாகனங்கள் ஆகியவற்றின் பாட்டரிகளிலிருந்து மீட்கப்பட வேண்டிய பொருளின் அளவு 2024-25-இல் 70 விழுக்காடு, 2025-26-இல் 80, 2026-27 முதல் 90 என வரையறுக்கப்பட்டுள்ளது. பாட்டரிகளைச் சீராக்குவோரும் மறுசுழற்சி செய்வோரும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு பெறுதல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் மின்சார ஸ்கூட்டர்கள் பல தீப்பிடித்ததைத் தொடர்ந்து, வாகன பாட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரங்கள் கடுமையாக்கப்பட்டன. லிதியத்தை வணிக அளவில் நாம் இன்னும் தோண்டியெடுக்கவில்லை. மின்கலங்களின் பெரும்பகுதி இறக்குமதியே. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய முக்கிய கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் முக்கிய கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும் ஏற்கப்பட்டது. இவை மறுசுழற்சிக்கு வலுவூட்டும். ஆனால் உழைக்கக்கூடிய மின்கலத்தை உடனே அரைத்துப் பொடியாக்குவது, பால் வற்றாத பசுவை அடிமாட்டுக்கு விற்பதை ஒக்கும். முதலில் மறுபயன்பாடு, அது முடிந்தபின் மறுசுழற்சி என்ற வரிசையே சிக்கனமானது.

காரீயம் தந்த பாடம் ஒன்றையும் மறத்தலாகாது. காரீய பாட்டரி பல ஆண்டுகளாகவே திரும்பத் திரும்ப உருக்கப்பட்டு வருகிறது. மறுசுழற்சி விகிதம் மிகுதி. ஆயினும் அப்பணியில் பெரும்பகுதி கொல்லைப்புற உலைகளில் நடந்தது. 2020-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் மற்றோர் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் உள்ளது என்றும், அவர்களில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியாவில் உள்ளனர் என்றும் மதிப்பிட்டது. முறைப்படுத்தப்படாத பாட்டரிக் கழிவு இதன் முக்கிய காரணங்களுள் ஒன்று. பொருள் மீட்கப்பட்டது, அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தனர். லிதியத்தில் இதே தவறு நேரலாகாது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுக்கலாம். கழிவு மின்கலங்களால் வீட்டு பாட்டரி கட்டுதல் தொழில்நுட்ப வகையில் இயலும். ஆனால் அது ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் செய்யத்தக்க பொழுதுபோக்கன்று. கல்விக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் நான்கைந்து மின்கலங்களைச் சோதித்துக் கற்பது மாணவருக்கு நன்மை பயக்கும். குடியிருப்பில் வைக்கும் பாட்டரியோ பதிவு பெற்ற பட்டறையில் தேறியதாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய பட்டறைகளை நடத்தத் தகுதியுள்ளோர் யார்? பாட்டரியைக் கண்டதும் அதன் வகையைச் சொல்லும் கைப்பழக்கம் சீலம்பூரின் தொழிலாளரிடம் ஏற்கெனவே உள்ளது. அவர்களிடம் இல்லாதவை அளவுக் கருவிகள், பாதுகாப்பான இடம், பதிவுச் சான்று ஆகியவையே. தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி அளித்து, கூட்டுறவு முறையில் பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை அமைத்தால், பல குடும்பங்கள் எடைக்கு விற்கும் தொழிலிலிருந்து தரத்துக்கு விற்கும் தொழிலுக்கு உயரலாம். மாறாக, விதிகளைக் காட்டி அவர்களை விரட்டினால் தொழில் மறையாது. மேலும் இருண்ட சந்துக்குள் போய்விடும். உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாடு, தீயணைப்பு ஆகிய துறைகளின் அதிகாரிகள் இதனை ஒன்றுகூடி ஆராய்தல் நலம்.

உலகில் 2022-ஆம் ஆண்டில் தோன்றிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகத் திரட்டப்பட்டது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் ஆய்வு கூறுகிறது. நம் பங்கு ஆண்டுதோறும் வளரும். நிலத்தடியில் லிதியத்தைத் தேடும் அதே வேளையில், கடைவீதியில் கிடக்கும் லிதியத்தின் எஞ்சிய உழைப்பையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த உழைப்பு ஏழைக் குடும்பத்தின் விளக்காக எரிவதும், அதன் வீட்டைச் சுடும் தீயாக மாறுவதும், இடையில் ஒரு சோதனைச் சீட்டு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அந்தச் சீட்டை நம்பத்தக்கதாக ஆக்குவது அரசின் கடமை. அது இல்லாமல் வாங்க மறுப்பது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.